சூதவையும் கொம்புவெளியும்: போட்டியில் உளத்தாக்கின் அறம்

போட்டி எதுவாயினும் அது உடல் வலியாலோ கருவித் திறத்தாலோ மட்டும் முடிவு பெறுவதில்லை. எதிரியின் உள்ளத்தைக் கலக்குதலும் வெற்றிக்குரிய வழிகளுள் ஒன்றெனப் பண்டு தொட்டே கருதப்பட்டு வந்துள்ளது. இன்று உலகின் பல நாடுகளிலும் ஆடப்படும் போக்கர் என்னும் சீட்டாட்டம் இதற்குத் தக்க சான்றாகும். வலிய சீட்டு இல்லாதவன் அஃது உடையவன்போற் பணயத்தை உயர்த்துகின்றான். எதிரே அமர்ந்தவனை ஏளனத்தாற் சினமூட்டி அவன் நிதானத்தைக் குலைக்கின்றான். 1970ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் இவ்வாட்டத்திற்கு உலகத் தொடர்ப் போட்டி தொடங்கப்பட்ட பின்னர், இச்செயல்கள் திறமையா வஞ்சனையா என்னும் வினா ஆட்டக்காரரிடையே வலுப்பெற்றது. ஆயின் வினா பழையது. ஈழத்தின் கீழைக்கரையிற் கல்முனையைச் சூழ்ந்த ஊர்களின் வழிபாட்டு மரபுகளை வைத்து அதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1961இல் அம்பாறை மாவட்டம் தனியாக வகுக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாய் விளங்கிய இக்கரையில், தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் இந்துத் தமிழூர்களும் மாறிமாறி அமைந்துள்ளன. கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பும், தெற்கே சாய்ந்தமருதினை அடுத்துக் காரைதீவும் உள்ளன. பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயில்; காரைதீவிலே கண்ணகை அம்மன் கோயில். ஆடவர் செய்த பிழையால் அவைக்களத்தில் நின்று நீதி கேட்ட பெண்டிர் இருவர் சில கல் தொலைவுக்குள் தெய்வங்களாகப் போற்றப்படுதல் நோக்கற்பாலது. ஒருத்தியின் துயருக்குச் சூதாட்டம் காரணம். மற்றவளின் பெயரால் ஒரு விளையாட்டே வழிபாடாயிற்று.

பாண்டிருப்பின் பதினெட்டு நாள் விழாவிலே பாரதக் கதை சடங்காக நிகழ்த்தப்படும். பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலம் பூண்டோர் வனவாசம் செல்வர், தவநிலை நிகழும், தீமிதிப்புடன் விழா நிறைவுறும். இவ்வனவாசத்துக்கு வித்து சூதவையிலே பேசப்பட்ட சொற்களாகும்.

வியாச பாரதத்தின் சபா பருவத்தை நுணுகி நோக்குவார்க்கு, சகுனியின் படைக்கலம் கவறு மட்டுமன்று என்பது விளங்கும். வஞ்சனையால் வெல்லுதல் அறமன்றெனத் தருமன் முதலிலேயே தயங்குகின்றான். சகுனியோ, வல்லவன் வல்லமையற்றவனை வெல்லுதல் எத்துறைக்கும் இயல்பே. கற்றவன் கல்லாதவனை வெல்லுதலை எவரும் வஞ்சனை என்பதில்லை என வாதிடுகின்றான். போட்டியில் உளத்தாக்கினை நியாயப்படுத்துவோர் இன்றும் கூறும் வாதம் இதுவே. அதனை அடுத்து, அஞ்சுவாயாயின் ஆட்டத்தை விட்டு நீங்கலாம் என்கின்றான். விலகுவதற்கு இசைவளிப்பதுபோல் ஒலிக்கும் இச்சொல் விலகும் வழியை அடைத்துவிடுகின்றது. அழைப்பினை மறுப்பதில்லை என்பது தருமன் பூண்ட நோன்பு. இனி அவன் எழுவானாயின் அது அறிவுடைமை எனப்படாது, அச்சம் எனப்படும்.

நகுலனும் சகாதேவனும் தோற்கப்பட்ட பின் சகுனி வேறோர் ஊசியை ஏற்றுகின்றான். மாத்திரியின் மைந்தரை இழந்தாய். வீமனும் அருச்சுனனும் உனக்கு அவரினும் இனியர் போலும் என்கின்றான். உடன்பிறந்தாருள் வேற்றுமை பாராட்டுபவன் என்னும் பழியைப் பொய்யாக்கும் பொருட்டே தருமன் எஞ்சிய தம்பியரையும், முடிவில் தன்னையும் பணயமாக வைக்கின்றான். எல்லாம் இழந்த நிலையில், இழக்காத பொருள் இன்னும் ஒன்றுண்டெனத் திரௌபதையை நினைவூட்டுபவனும் சகுனியே. இவற்றுள் ஒன்றேனும் வசைமொழியன்று. பண்பட்ட அவைக்குரிய மென்மொழிகளே ஒருவனை இறுதிவரை இருக்கையிற் பிணித்து வைத்தன.

பின்னர்த் திரௌபதை அவையை நோக்கி எழுப்பும் வினா ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. தன்னை முன்னர் இழந்தவனா என்னை வைத்து ஆடினான் என்பது அவள் வினா. தன்மேல் ஆட்சி இழந்த ஒருவனின் இசைவு இசைவாகுமா என்பதே அதன் உட்பொருள். அவையிலிருந்த பெரியோர் தெளிவான விடை கூறவியலாது திகைத்தனர். ஒப்புக்கொண்டுதானே ஆடினான் எனக் கூறி உளத்தாக்கினை ஆதரிப்போர் அனைவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

இனிக் காரைதீவை நோக்கலாம். சிலப்பதிகாரத்தின் இசைநுட்பங்களை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் இது. இங்குள்ள கண்ணகை அம்மன் கோயில், மட்டக்களப்புப் பிரதேசமெங்கும் பரந்த கண்ணகி வழிபாட்டு மரபைச் சேர்ந்தது. மதுரையை எரித்த பின்னும் தணியாத அன்னையின் வெம்மையைக் குளிர்விக்கும் வைகாசிக் குளிர்த்தி அம்மரபின் உயிர்நாடியாகும். அம்மரபோடு ஒட்டி அப்பிரதேசத்தில் ஆடப்பட்டதே கொம்பு விளையாட்டு. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூல் இப்பிரதேசத்தின் இத்தகைய மரபுகளைப் பதிவு செய்துள்ளது. தேற்றாத்தீவின் கொம்புச்சந்தி என்னும் இடப்பெயர் இவ்விளையாட்டை இன்றும் நினைவூட்டுகின்றது.

கோவலனைச் சார்ந்த வடசேரி, கண்ணகியைச் சார்ந்த தென்சேரி என ஊரார் இரு கட்சியாவர். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடத்தாற் பிணைத்து இழுப்பர். எக்கொம்பு முறிகின்றதோ அச்சேரி தோற்றதாகும். கோவலனும் கண்ணகியும் மலர் பறிக்க முயன்றபோது அவர்தம் கொக்கைத் தடிகள் சிக்கிக்கொண்டமையே இதன் தோற்றம் எனக் கதை வழங்கும். இழுப்புக்கு நிகராக வசைப் பாட்டும் நடைபெறும். எதிர்ச்சேரியாரின் வீரம், குலப்பெருமை, ஆண்மை யாவும் நகைப்புக்குரியனவாகும். சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டோடு இணைந்த அங்கெலியவும் இத்தன்மையதே. கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வசை எல்லை கடந்ததுமுண்டு. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் கொம்பிழுக்கும் விளையாட்டொன்றை வருணிக்கின்றார். நாட்டினின்று நோய் நீங்கும் என்னும் நம்பிக்கையால் அஃது ஆடப்பட்டது என்றும், வென்றோர் பாடிய மொழிகள் எழுதவும் நாணத்தக்கன என்றும் கூறுகின்றார். முன்னர்த் தானும் அதில் ஈடுபட்ட மன்னன் இரண்டாம் இராசசிங்கன் பின்னர் அதனைத் தண்டம் விதித்துத் தடைசெய்தான் என்பதும் அவர் கூற்று. ஆதலாற் கொம்பு விளையாட்டைக் குற்றமற்றதெனப் புனைந்துரைத்தல் பொருந்தாது.

எனினும் சூதவையோடு ஒப்பிடுமிடத்து மூன்று வேறுபாடுகள் புலனாகின்றன. முதலாவது, கொம்புவெளியில் ஏசப்பட்டவனுக்கும் ஏசும் உரிமை உண்டு. சூதவையிற் சகுனியின் சொல்லுக்கு விடையாகத் தருமனிடம் எஞ்சியது அடுத்த பணயமே. இரண்டாவது, வடசேரியானின் வசை தென்சேரியை நோக்கியது. தனியொருவனின் உள்ளத்திலுள்ள புண்ணைத் தேடிக் கண்டு அதிற் பாய்வதன்று. மூன்றாவது, கொம்பு முறிந்தவுடன் போட்டி முடிகின்றது. முறிந்தது மரமே, தோற்றவனின் நிலமோ மனையாளோ எவர் கைக்கும் போவதில்லை. மூட்டிய சூடு அன்னையின் குளிர்த்தியில் அடங்க வேண்டும் என்பது மரபின் எதிர்பார்ப்பு.

ஏமாற்றுதலும் உளத்தாக்கும் ஒன்றல்ல என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். இக்கரையின் முஸ்லிம் மக்கள் பேணிவரும் சீனடி, சிலம்படிக் கலைகளில் ஒருபக்கம் வீசுவதுபோற் காட்டி மறுபக்கம் வீசுதல் கலைத்திறனாகவே கொள்ளப்படும். அஃது எதிரியின் கண்ணைச் சோதிக்கின்றது. அவன் மானத்தைத் தீண்டுவதில்லை. போக்கரில் இல்லாத சீட்டை உள்ளதுபோற் காட்டுதலும் இவ்வகையினதே. கணிதவறிஞர் ஜோன் வொன் நொய்மன் 1928இல் எழுதிய ஆய்வும், ஒஸ்கார் மோர்கென்ஸ்டேர்னுடன் இணைந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலும் இத்துறைக்கு அடிகோலின. வலிய சீட்டு உள்ளபோது மட்டும் பணயத்தை உயர்த்துபவனின் உள்ளக்கிடக்கையை எதிரி எளிதில் அறிந்துவிடுவான். ஆதலின் இடையிடையே பொய்யாக உயர்த்துதல் ஆட்டத்தின் அமைப்பிலேயே அடங்கியது என்பது அந்நூல் காட்டும் உண்மை. இருவருக்கும் பொதுவான விதியினுள் இருவரும் செய்யக்கூடிய இச்செயலை வஞ்சனை எனல் பொருந்தாது.

ஆனால் தோல்வியாற் கலங்கியவனை அறிந்து, அவன் எழுந்து போகாதவாறு மானத்தைத் தூண்டி மேன்மேலும் இழக்கச் செய்தல் வேறு. அவ்விடத்துச் சீட்டாட்டம் முடிந்து சகுனியின் ஆட்டம் தொடங்குகின்றது. கதவு திறந்திருக்கின்றது, அவன் போகலாமே எனக் கூறுதல் விடையாகாது. சூதவையின் கதவும் திறந்தே இருந்தது.

ஆதலின், உளத்தாக்கின் அறத்தைச் சொல்லின் கடுமையால் அளத்தல் தவறாகும். கொம்புவெளியின் கொடிய வசை பெரும்பாலும் அவ்வெளியோடு நின்றது. சூதவையின் இன்சொல் ஒரு குலத்தைக் காட்டுக்கு அனுப்பிப் பின் போர்க்களத்தில் நிறுத்தியது. தாக்குண்டவன் மறுமொழி கூற முடியுமா, தோல்விக்கு ஓர் எல்லை உண்டா, இழிவின்றி எழுந்து செல்ல வழியுண்டா என்னும் மூன்றுமே உரிய அளவைகளாம். ஆண்டுதோறும் பாண்டிருப்பின் வீதிகளில் வனவாசம் செல்லும் ஐவரைக் காண்போர், அவர்களைத் துரத்திய மென்சொற்களையும் உடன் நினைத்தல் தகும்.