மூவாயிரமும் பதினாலும்

எங்கள் மகாராஜபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடர் தெற்கே போய்ச் செங்கோட்டையையும் தொடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா 1910-ல்தான் புதிய ராமநாதபுரம் ஜில்லாவோடு சேர்ந்தது. அதற்கு முன் எங்கள் ஊர்க்காரர்களும் திருநெல்வேலி ஜில்லாக்காரர்களே. ஆகவே, 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் நடந்ததை அயலூர்ச் சமாசாரமாக என்னால் நினைக்க முடிவதில்லை.

அன்று கலெக்டர் ஆஷ், மனைவியுடன் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தான். இருபத்தைந்து வயது, காட்டிலாகாவில் உத்தியோகம், வீட்டில் இளம் மனைவி. அவன் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்ல மூவாயிரம் சென்னை ராஜதானிக்காரர்கள் சபதம் செய்திருப்பதாக அதில் கண்டிருந்தது.

அந்தக் கடிதத்தில் மன்னரை இழிவுபடுத்த ஒரு ஜாதிப் பெயரே வசையாகப் பயன்பட்டிருக்கிறது. தியாகியின் கடிதமாயிற்றே என்று அந்த இடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. உயிரைக் கொடுக்கிற துணிவு ஒருவன் நினைத்ததையெல்லாம் நியாயமாக்கிவிடாது.

ஆனாலும் அந்தக் கை ஏன் துப்பாக்கியைத் தொட்டது என்று கேட்டாக வேண்டும். அதற்குச் சில வருஷம் பின்னால் போகவேண்டும். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு சேர்த்துக் கப்பல் வாங்கினார். 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தத்துக்குத் துணை நின்றார். எல்லாம் பட்டப்பகலில், ஊரறியச் செய்த காரியங்கள். அதே ஆண்டு மார்ச்சில் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்து அடைத்தார்கள். திருநெல்வேலி கொதித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டனர். பிறகு தண்டப் போலீஸ் வந்தது. அதன் செலவு, கல்லெறிந்தவன், எறியாதவன் என்ற பேதமில்லாமல் ஊரார் தலையில் விழுந்தது. பிள்ளைக்குச் செஷன்ஸ் கோர்ட்டில் இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் அது குறைந்தது. 1910-ல் வந்த அச்சுச் சட்டம் பத்திரிகைகளின் வாயையும் கட்டியது.

மேடை போயிற்று, கப்பல் போயிற்று, பத்திரிகையும் போயிற்று. எல்லாக் கதவையும் சாத்தியபின் சிலர் சுரங்கம் தோண்டுகிறார்கள். எல்லாரும் தோண்டவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதே கொடுமையைக் கண்ட ஆயிரக்கணக்கானவர்கள் கொலைக்குப் போகவில்லை. காரணம் இருக்கிறது என்பது வேறு, நியாயம் இருக்கிறது என்பது வேறு.

சரி, மூவாயிரம் பேர் எங்கே? சல்லடை போட்டுச் சலித்த போலீசார் கோர்ட்டில் நிறுத்தியது பதினாலு பேரை. சென்னை ஹைக்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் பகிரங்கமாக விசாரித்தார்கள். அவர்களில் சர் சி. சங்கரன் நாயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1912-ல் ஒன்பது பேருக்குத் தண்டனை; நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். ஐவர் விடுதலை. ஒருவரும் தூக்கில் தொங்கவில்லை. அந்தக் கூட்டம் அதோடு கலைந்தது.

பயங்கரவாதத்தின் சூட்சுமம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பதினாலு பேர் தங்களை மூவாயிரமாகக் காட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பொய்யைச் சர்க்கார் நம்பி மூவாயிரம் பேரை அடித்தால், பொய் மெய்யாகிவிடும். 1919-ல் பஞ்சாபில் அதுதான் நடந்தது. ரௌலட் சட்டத்தை எதிர்த்த ஜனங்களையெல்லாம் ராஜத்துரோகிகளாக எண்ணினார்கள். ஜாலியன்வாலா பாக்கில் செத்தவர்கள் சர்க்கார் கணக்கிலேயே 379 பேர். அப்போது வைசிராயின் நிர்வாக சபையில் இருந்த அதே சங்கரன் நாயர் பதவியைத் தூக்கி எறிந்தார். இருபத்தொரு வருஷம் கழித்து, 1940-ல், அன்றைய பஞ்சாப் கவர்னர் ஓட்வையரை லண்டனில் உத்தம் சிங் சுட்டுக் கொன்றார்.

வெள்ளைக்காரன் போனபின் இந்தக் கணக்கு நமக்கு வந்தது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற மனித வெடிகுண்டு, பக்கத்தில் நின்ற பலரையும் கொண்டுபோயிற்று. ஆஷ் ஒருவரைக் குறி பார்த்த காலம் போய், கூட்டத்தோடு சேர்த்துக் கொல்கிற காலம் வந்துவிட்டது. 1998-ல் தடா கோர்ட் இருபத்தாறு பேருக்கும் தூக்கு என்றது. மறு வருஷம் சுப்ரீம் கோர்ட் பத்தொன்பது பேரை விடுவித்தது. அந்தப் பத்தொன்பது பேரையும் ஆத்திரத்தில் தூக்கிலிட்டிருந்தால், இறந்தவர்களில் எவர் எழுந்து வந்திருப்பார்?

குற்றவாளியை விடக் கூடாது. அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஆனால் அவனை ஒருவனாகப் பிடிக்க வேண்டும்; அவனுடைய ஊராக, ஜாதியாக, மதமாக, மொழியாகப் பிடிக்கக் கூடாது. தன் பின்னால் ஒரு ஜனசமூகமே நிற்கிறது என்பது அவன் சொல்கிற பொய். அதற்குச் சர்க்கார் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?