அங்கானு வந்த வழி

மடகாஸ்கர் தீவின் நடு மலைநாட்டில் பகலில் கதை சொல்லக் கூடாது என்பார்கள். இருட்ட வேண்டும், மாடு கொட்டிலுக்குத் திரும்பியிருக்க வேண்டும், ராச்சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். சோறு பொங்கிய பானையின் அடியில் தீய்ந்து ஒட்டிய பருக்கையைச் சுரண்டாமல், அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். பொன்னிறமான அந்தத் தண்ணீரைத்தான் சாப்பாட்டோடு எல்லோரும் குடிப்பார்கள். அது கைமாறிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் விடுகதை போட்டு விளையாடுவார்கள். பிறகு பெரியவர் ஒருவர் 'அங்கானு' என்று குரல் கொடுப்பார். அங்கானு என்றால் கதை. இதில் பொய் ஏதும் இருந்தால் அது தன்னுடையதல்ல, முன்னோருடையது என்று பொறுப்பை அவர்கள் மேல் இறக்கிவைத்துவிட்டுத்தான் கதைக்குள் நுழைவார்.

அப்படிச் சொல்லப்படுகிற கதைகளில் ஒன்று காட்டுப்பன்றிக்கும் பச்சோந்திக்கும் நடந்த ஓட்டப்பந்தயம். பச்சோந்தி நடக்கிற நடையைப் பார்த்துப் பன்றி கேலி செய்கிறது. ஒரு காலைத் தூக்கி, அதை வைப்பதா வேண்டாமா என்று யோசித்து, பிறகு வைக்கிற பிராணி அது. அதுவே "வா, ஓடிப் பார்க்கலாம்" என்கிறது. ஓட்டம் தொடங்கும் கணத்தில் பச்சோந்தி பன்றியின் பிடரி மயிரைப் பற்றிக்கொள்கிறது. பன்றி காடு அதிர ஓடி எல்லைக்கு வந்து நிற்க, பச்சோந்தி மெல்ல முன்னால் இறங்கி, "நான் எப்போதோ வந்துவிட்டேன்" என்கிறது. கேட்கிற பிள்ளைகளுக்குப் பச்சோந்தி எங்கே இருந்தது என்று தெரியும், பன்றிக்குத் தெரியாது. அவர்கள் சிரிப்பதெல்லாம் அதற்காகத்தான்.

இந்த இரண்டு பிராணிகளையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். உலகத்துப் பச்சோந்தி வகைகளில் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கரில்தான் இருக்கின்றன. அது அந்த மண்ணின் பூர்விகக் குடி. பன்றியோ ஆப்பிரிக்கக் கரையிலிருந்து, அனேகமாக மனிதர்களோடு, கடல் தாண்டி வந்தது. மனிதர்களும் அப்படி வந்தவர்களே. தீவின் மொழியான மலகாசிக்கு மிக நெருங்கிய உறவு பக்கத்தில் இருக்கும் ஆப்பிரிக்காவில் இல்லை. கிழக்கே இந்துமாக்கடலுக்கு அப்பால், போர்னியோத் தீவின் பரித்தோ ஆற்றுப்பக்கம் பேசப்படும் மான்யான் மொழியே அதன் உறவு என்று நார்வேக்காரரான ஒட்டோ கிறிஸ்டியன் டால் 1951இல் விரிவாக நிறுவினார். அங்கிருந்து படகேறி வந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாண்டு மொழிக்காரர்களும் தீவில் கலந்தார்கள், கதைகளும் கலந்தன. ஆப்பிரிக்கக் கதைகளின் சிங்கமும் யானையும் தீவில் கிடையாது. அந்த இடங்களில் முதலையும் பன்றியும் பச்சோந்தியும் வந்து உட்கார்ந்தன. வாலோடு அலையும் ட்ரிமுபே என்ற அரக்கனும், ஊரை ஏய்க்கும் இகுட்டுஃபெட்சி, இமஹாக்கா என்ற எத்தர் ஜோடியும் பிள்ளைகளின் சொத்தானார்கள்.

இத்தனைக்கும் அங்கானுவுக்கு எழுத்து தேவைப்படவில்லை. தீவில் எழுத்தே இல்லாமல் இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். தென்கிழக்குக் கரையில் அன்டைமுரு இனத்தின் எழுத்தர்கள் மலகாசி மொழியை அரபு எழுத்தில் எழுதிவந்தார்கள். மரப்பட்டையை வேகவைத்து இடித்து அவர்களே காகிதம் செய்தார்கள். ஆனால் அந்த ஏடுகளில் இருந்தவை வம்சாவளி, சோதிடம், மருந்து, மந்திரம். பிள்ளைக் கதைக்கு அங்கே இடமில்லை.

லத்தீன் எழுத்து வந்தது அரசன் முதலாம் ராடமாவின் காலத்தில். வேல்ஸ் நாட்டுப் பாதிரி டேவிட் ஜோன்ஸ் 1818இல் கிழக்குக் கரையில் இறங்கியபோது உடன் வந்த தாமஸ் பெவனையும் இரு குடும்பத்தாரையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. தனியாளாக மிஞ்சிய ஜோன்ஸ் 1820இல் தலைநகர் அன்டனநாரிவோவுக்கு ஏறி வந்து, அரண்மனை வளாகத்தில் மூன்றே பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். அரசனுக்கோ ஏற்கெனவே ராபின் என்ற பிரெஞ்சுச் சிப்பாய் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆங்கிலேயர் முறையா, பிரெஞ்சு முறையா என்ற வழக்கு எழுந்தது. 1823இல் ராடமாவே தீர்ப்புச் சொன்னான்: மெய்யெழுத்துகளுக்கு ஆங்கில முறை, உயிரெழுத்துகளுக்குப் பிரெஞ்சு முறை. இன்றும் மலகாசிக்கு 21 எழுத்துகள்தான். ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஓர் ஒலி என்ற அந்த ஏற்பாட்டால், எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை சீக்கிரமே தானாக வாசிக்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு ஓர் அரசன் செய்த நல்ல காரியங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

1826இல் அச்சு இயந்திரம் வந்தது. அதோடு வந்த அச்சுத் தொழிலாளி ஹோவெண்டன் சில வாரங்களிலேயே இறந்துபோக, மற்றவர்கள் தட்டுத்தடுமாறி இயந்திரத்தைப் பூட்டி 1827இல் முதல் தாளை எடுத்தார்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் அது. 1835இல் முழு பைபிளும் மலகாசியில் வந்துவிட்டது. அதே ஆண்டில் அரசி முதலாம் ரனவலோனா கிறிஸ்தவத்தைத் தடைசெய்தாள். பாதிரிமார் வெளியேறினார்கள், புத்தகங்கள் குகைகளிலும் மண்ணுக்கடியிலும் ஒளிந்தன. அரசி 1861இல் இறக்கும்வரை இந்த நிலை நீடித்தது. இந்தக் காலம் முழுவதும் அங்கானுவை யாரும் தடைசெய்யவும் இல்லை, அச்சிடவும் இல்லை. அது அடுப்படியிலேயே இருந்தது.

அதைத் தாளுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் லார்ஸ் டாலே என்ற நார்வே நாட்டு லூதரன் பாதிரி. 1870இல் வந்து தலைநகரில் மத போதகர்களுக்குப் பாடம் நடத்தியவர். கதைகள், பழமொழிகள், விடுகதைகள், சொல்லாடல்கள் என்று திரட்டி 1877இல் அன்டனநாரிவோவிலேயே தடித்த ஒரு தொகுப்பாக அச்சிட்டார். கதைகள் மலகாசியில், முன்னுரை ஆங்கிலத்தில். அந்த ஒன்றே புத்தகம் யாரை நோக்கிப் பேசியது என்பதைச் சொல்லிவிடும்: மொழி கற்க வந்த வெளிநாட்டவரையும் ஆராய்ச்சியாளரையும். ஆனாலும் டாலேக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். தாயின் வயிற்றிலிருந்தபடியே பேசி, பெண் கேட்டு, பிறந்து வளர்ந்து, கல்மனிதன் ரவாட்டுவிடமிருந்து அவளை மீட்டுவரும் இபுனியாவின் நெடுங்கதை அந்தத் தொகுப்பில் இருக்கிறது. 1908இல் ஜான் சிம்ஸ் அந்தத் தொகுப்பைத் திருத்தி அமைத்துத் தந்த பதிப்புதான் மலகாசிக் குடும்பங்களின் கைக்குப் போனது. முன்னோரின் கதைகள் என்ற பெயரில் லூதரன் அச்சகம் அதைப் பின்னாளிலும் திரும்பத் திரும்ப வெளியிட்டிருக்கிறது. படம் கிடையாது, எழுத்து நெருக்கம். பெரியவர் வாசித்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய புத்தகம் அது.

பழங்கதைகளையும் பழைய வழக்கங்களையும் மலகாசிக்காரர்களே எழுதி வைத்ததும் உண்டு. அவர்களில் ஒருவர் ரைனந்த்ரியமம்பந்த்ரி. கிழக்குக் கரையின் ஆளுநராகவும் பிறகு அமைச்சராகவும் இருந்தவர். பிரான்ஸ் தீவைக் கைப்பற்றிய மறு ஆண்டு, 1896 அக்டோபரில், தளபதி காலியெனியின் ஆணைப்படி கிளர்ச்சிக்குத் துணைபோனதாகக் குற்றஞ்சாட்டிச் சுட்டுக் கொன்றார்கள். தன் மக்களின் வழக்கங்களை எழுதிவைத்த ஒருவரை பிரெஞ்சு ஆட்சியின் தொடக்கத்திலேயே இழந்தது அந்த நாடு.

அதன்பின் பள்ளிக்கூடத்தின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. காலனியின் கல்வித்துறைக்குத் தலைமை வகித்த ஷார்ல் ரெனேல் தீவின் பல மூலைகளிலிருந்தும் கதைகளைத் திரட்டி 1910இல் வெளியிட்டார். டாலே பெரும்பாலும் மலைநாட்டோடு நின்ற இடத்தில் இவர் கரையோரத்துக் கதைகளையும் சேர்த்தார். மதிக்கவேண்டிய உழைப்பு. ஆனால் அவை பிரெஞ்சில் வந்தன. கரையோரச் சக்கலாவா இனத்துத் தாத்தா ஒருவர் தம் பேச்சில் சொன்ன கதை பாரிஸ் வாசகரை அடைந்தது, பேரனை அடையவில்லை.

சில கதைகள் புத்தகத்தை நம்பவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைநகருக்கு அருகே ஓடும் மம்பா ஆற்றின் நீர்மகள் ரனுரு ஒரு மனிதனை மணந்தாள். தன் முன் உப்பு என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஒருநாள் கோபத்தில் அவன் வாய்தவறிச் சொல்லிவிட, அவள் நீருக்குள் மூழ்கிப் போனாள், திரும்பவில்லை. அவள் பெயரால் வழிபாடு நடக்கும் அந்த இடத்துக்கு இன்றும் யாரும் உப்பு கொண்டுபோவதில்லை. அம்மா பையைத் திறந்து உப்பு போட்ட தின்பண்டத்தை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பும்போதே பிள்ளை கதையைக் கேட்டுவிடுகிறது.

1960இல் சுதந்திரம் வந்தும் வகுப்பறை பிரெஞ்சிலேயே இருந்தது. 1972 மே மாதம் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஆட்சி வீழ்ந்தது. கல்வியை மலகாசிமயமாக்கும் திட்டம் பிறந்தது. ஆனால் எந்த மலகாசி? எழுத்து மொழி மலைநாட்டு மெரினா இனத்தவரின் பேச்சை ஒட்டியது. கரையோர மக்கள் இது தங்கள்மேல் மெரினாவைத் திணிப்பதுதான் என்று எதிர்த்தார்கள், அதே ஆண்டு டிசம்பரில் கிழக்குத் துறைமுக நகரில் கலவரமே மூண்டது. இதை வெறும் வட்டாரப் பொறாமை என்று ஒதுக்குவது தவறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு, வீட்டில் ஒருபோதும் கேட்காத சொற்களில் பாட்டி கதையை அச்சிட்டுக் கொடுத்தால் அது பாட்டியின் கதையாகத் தோன்றாது. திட்டத்துக்குப் பாடப்புத்தகமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. 1990களின் தொடக்கத்தில் பிரெஞ்சு திரும்பி வந்தது. நடுவில் படித்த ஒரு தலைமுறை இரு மொழியிலும் உறுதிப்படாமல் நின்றது. பழி மொழிமேல் விழுந்தது. புத்தகம் தராதவர்கள்மேல் விழுந்திருக்க வேண்டும்.

கதை சொல்பவர்களைத் தேடிக் கேமராவும் போயிற்று. சேஸர் பாயெஸ், மரி-கிளெமான்ஸ் பாயெஸ் இணையர் 1989இல் எடுத்த ஆவணப்படத்துக்கு 'அங்கானு... அங்கானு...' என்றே பெயர். கிராமத்துப் பெரியவர்கள் தாங்களே முகம் காட்டிச் சொல்கிறார்கள். டாலேயின் பக்கங்களில் கேட்காத அந்தக் குரல் அதில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கென்று, பிள்ளை தானே பிடித்துப் புரட்டும்படியான படப் புத்தகமாக அங்கானு வருவது அண்மைக் காலத்தில்தான் பரவலாயிற்று. எழுத்தாளர் ஜொஹாரி ரவலோசனும் ஓவியர் சோஃபி பஸானும் நடத்தும் டோடோ வோல் பதிப்பகம் மரபுக் கதைகளை மலகாசியும் பிரெஞ்சும் சேர்ந்த இருமொழி நூல்களாகப் போடுகிறது. சிலவற்றுக்குப் படம் வரைந்தவர்கள் பிள்ளைகளே. அன்டனநாரிவோவில் மரி மிஷெல் ரஸாஃபின்ட்ஸலாமாவின் பதிப்பகம் சிறுவர் நூல்களுக்கென்றே உழைக்கிறது. எழுத்தாளர் மிஷேல் ரக்கோட்டோசன் மலகாசியில் எழுதுவோரைப் பயிற்றுவித்து நூலாக்கும் முயற்சியை முன்னின்று நடத்தினார். இவர்கள் செய்வது சின்ன வேலை அல்ல. பெரும்பான்மையோர் வறுமையில் வாழும் நாட்டில் காகிதம் இறக்குமதியாகி, புத்தகம் விலையேறி, கடைசியில் தலைநகரின் சில கடைகளில் மட்டும் கிடைக்கிறது. அங்கே அம்புஹிஜட்டுவு பகுதியின் நடைபாதைக் கடைகளில் பழைய பிரெஞ்சுப் புத்தகம் குவியலாகக் கிடைக்கும், மலகாசியில் ஒரு சிறுவர் நூலுக்குத் தேட வேண்டும்.

பன்றியும் பச்சோந்தியும் ஓடிய கதையின் நாட்டுக்கு லத்தீன் எழுத்து வந்து இருநூறு ஆண்டு ஆகிறது, அச்சு வந்தும் ஏறத்தாழ அவ்வளவே. அறிஞருக்கும் பாதிரிக்கும் அதிகாரிக்கும் பிறகுதான் பிள்ளையின் முறை வந்திருக்கிறது. அரசியல் சட்டம் மலகாசியைத் தேசிய மொழி என்கிறது. அப்படியானால் கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டிக் கதைப் புத்தகம், அந்தந்த வட்டாரத்துப் பேச்சிலேயே, அரசு செலவில் போய்ச்சேர வேண்டும். கதைகள் தயாராக இருக்கின்றன, எழுதுவோரும் வரைவோரும் இருக்கிறார்கள். பணம் ஒதுக்குகிறவர்கள்தான் மனம்வைக்க வேண்டும்.