கோட்டை மாரியம்மன் திருவிழாவும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும்

மாசி மாதம் வந்தால் திண்டுக்கல்லில் கோட்டை மாரியம்மன் திருவிழா. மலைக்கோட்டை அடிவாரத்தில் ஆரம்பிக்கும் கூட்டமும் சத்தமும் ஊர் முழுக்கப் பரவும். இப்போதெல்லாம் ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர்கள் தரையை அதிர வைக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது குழாய், அதாவது கூம்பு வடிவ ஒலிபெருக்கி. வேடசந்தூர், வடமதுரை, நத்தம், நிலக்கோட்டை என்று சுற்றியுள்ள கிராமங்களில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாமி கும்பிடு எதுவானாலும் முதல் நாளே 'ரேடியோ செட்' வந்து இறங்கிவிடும். புளியமரத்திலோ தென்னையிலோ குழாயைக் கட்டிவிட்டால், பக்கத்து ஊர்க் காட்டில் களையெடுப்பவர்களுக்கும் பாட்டு கேட்கும். எந்தத் திசையில் விசேஷம் என்று பாட்டை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

இதற்கும் எலக்ட்ரிக் கிதாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது! அந்தக் குழாய்க்குக் கீழே, மேசைமேல் இருந்த ஆம்ப்ளிஃபயருக்குள் செக்கச் சிவந்து கனன்றது எதுவோ, அதன் சொந்தக்காரன்தான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குப் பின்னால் நின்ற மார்ஷல் பெட்டிக்குள்ளும் கனன்றது. அதன் பெயர் வால்வு.

இன்று கிதார் வாங்கும் கல்லூரி மாணவர் பெரும்பாலும் வால்வைக் கண்ணால் பார்ப்பதில்லை. கிதாரைக் கணினியில் சொருகி, ஒரு மென்பொருளைத் திறந்து, பட்டியலில் இருந்து ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஹெட்போனில் அதே சத்தம். நிஜ வால்வு நல்லதா, மென்பொருள் நல்லதா என்று உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் கேட்கப்படாத ஒரு கேள்வி உண்டு. மென்பொருள் யாருடைய வால்வை நகலெடுத்து வைத்திருக்கிறது?

மடைப் பலகை

1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் முதல் வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்தார். விஷயமே அந்த வலையில்தான். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள் ஓர் இழை சூடாகி எலக்ட்ரான்களை உமிழும். எதிரே உள்ள தகட்டை நோக்கி அவை பாயும். நடுவில் இருக்கும் வலைக்குக் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம் அந்தப் பெரிய ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். வாய்க்காலில் மடைப் பலகையை ஒரு விரற்கடை தூக்கினால் வயலுக்குப் பாயும் தண்ணீரே மாறிவிடுகிறது அல்லவா, அது மாதிரி. சின்ன அசைவு, பெரிய பாய்ச்சல். இதுதான் ஆம்ப்ளிஃபயர்.

1936இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 6எல்6 என்ற வால்வை வெளியிட்டது. மேடைப் பேச்சு, சினிமாக் கொட்டகை என்று சத்தம் தேவைப்பட்ட இடங்களுக்கெல்லாம் அந்த வகை வால்வுகள் போயின. கிதாருக்கென்று தனி வால்வு எந்தக் காலத்திலும் கிடையாது. ரேடியோவுக்கும் மைக்குக்கும் வந்ததைத்தான் கிதார்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கணக்கர் செய்த பெட்டி, லண்டன் செய்த நகல்

கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊர். அங்கே லியோ ஃபெண்டர் என்பவர் படித்தது கணக்கியல், பார்த்த வேலையும் கணக்கு எழுதுவது. (வணிகவியல் மாணவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!) வேலை போன பிறகு 1938இல் ரேடியோ பழுது பார்க்கும் கடை போட்டார். அங்கிருந்துதான் ஃபெண்டர் கிதார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் பிறந்தன. 1952இல் வந்த அவருடைய பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயர், அந்தப் பத்தாண்டின் கடைசியில் கிதார்க்காரர்களின் கனவுப் பெட்டியாகிவிட்டது.

ஆனால் லண்டன் பையன்களுக்கு அது எட்டாத விலை. ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் ஒரு டிரம்ஸ் வாத்தியார். கடைக்கு வந்தவர்கள் இதே குறையைச் சொல்ல, 1962இல் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இருவரோடு சேர்ந்து பாஸ்மேனைப் பார்த்து ஒரு நகல் செய்தார். ஜே.டி.எம்.45 என்று பெயர். அமெரிக்க வால்வுக்குப் பதில் இங்கிலாந்தில் கிடைத்த வால்வு, அமெரிக்க ஸ்பீக்கருக்குப் பதில் இங்கிலாந்தின் செலஸ்டியன் ஸ்பீக்கர். சர்க்யூட் கிட்டத்தட்ட ஒன்றுதான், உதிரி பாகம்தான் வேறு. நகலெடுக்கப் போய்ப் புதுச் சத்தம் பிறந்துவிட்டது! இன்று மென்பொருள்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு நகலெடுக்கும் மார்ஷலே முதலில் ஒரு நகல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

குறை எப்படி ருசியானது?

ஃபெண்டரோ மார்ஷலோ கரகரப்பை விரும்பிச் செய்யவில்லை. தெளிவான சத்தம்தான் அவர்கள் நோக்கம். ஆனால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வால்வால் தாக்குப்பிடிக்க முடியாது. ஒலி அலையின் உச்சி மழுங்கும். அது டக்கென்று வெட்டுப்படாமல் மெல்ல மெல்ல உருண்டு மழுங்குவதால், மூலத்தில் இல்லாத புதுச் சுரங்கள் கூடவே கலந்து வரும். மெதுவாக வாசித்தால் தெளிவு, அழுத்தி வாசித்தால் உறுமல். வாசிப்பவர் விரலுக்கு ஆம்ப்ளிஃபயர் பதில் சொல்வது போல இருக்கும். 1964இல் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தையே பிளேடால் கிழித்துவிட்டு வாசித்துப் பதிவு செய்தார். பாட்டு உலகப் புகழ் பெற்றது. பொறியாளர்கள் பிழை என்றதை இளைஞர்கள் ருசி என்றார்கள்.

டிரான்சிஸ்டர் 1947இலேயே வந்துவிட்டது. விலை குறைவு, எடை குறைவு, சூடு குறைவு. வானொலியும் மேடை மைக்கும் அதற்கு மாறின. கிதார்க்காரர்கள் மட்டும் அடம் பிடித்தார்கள். காரணம், டிரான்சிஸ்டரை மீறி ஓட்டினால் அலை சட்டென்று வெட்டுப்படும். அந்தக் கரகரப்பு காதைக் கிழிக்கும்.

நம்ம ஊர் வால்வு

இந்தியாவில் கதை வேறு மாதிரி போனது. டெல்லியில் 1940இல் தொடங்கிய அஹூஜா நிறுவனத்தின் பெயர் மைக் செட் கடைகளில் இன்றும் ஒலிக்கிறது. பெங்களூரில் 1954இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. எது கிடைக்கிறதோ அதைவைத்து ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் ஆம்ப்ளிஃபயர் கட்டினார்கள், பழுது பார்த்தார்கள், ஒன்றுக்குப் பதில் ஒன்றை மாட்டினார்கள். ஹான்வெல் கடையில் நடந்த அதே வேலைதான்.

அந்த ஆம்ப்ளிஃபயர்கள் வழியாகத்தான் சமவெளி மக்கள் அரசியல் கேட்டார்கள், நாடகம் கேட்டார்கள், சினிமாப் பாட்டு கேட்டார்கள். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் தன் தம்பிகளோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார். அப்போது பண்ணைப்புரமும் திண்டுக்கல்லும் ஒரே மதுரை மாவட்டம். (திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்.) அந்தத் தம்பிகளில் ஒருவர் 1968இல் சென்னைக்குப் போய், கிதார் கற்று, பிற இசையமைப்பாளர்களுக்கு வாசித்து, 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். இளையராஜாவின் மேடை அனுபவம் தொடங்கியது கட்சிக் கூட்டத்து மைக்கின் முன்னால்தான்.

நகரங்களில் ராக் குழுக்களும் இருந்தன. சிம்லா பீட் போட்டியில் பங்கேற்ற இந்தியக் குழுக்களின் பாடல்கள் 1970, 1971இல் இசைத்தட்டாக வந்தன. அந்தக் காலக் குழுக்கள் பலவும் உள்ளூரில் செய்த ஆம்ப்ளிஃபயர்களை வைத்துத்தான் வாசித்தன.

குழாயின் சத்தத்துக்கென்று ஒரு குணம் உண்டு. கூம்புக்கு அடிச்சுரம் வராது. உச்சச் சுரமும் தேய்ந்துவிடும். நடுவில் உள்ள மனிதக் குரலும் நாதஸ்வரமும் மட்டும் ஈட்டி மாதிரி பாயும். ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகி வைத்திருப்பார்கள். வால்வு திணறும், பாட்டு லேசாகக் கரகரக்கும். லண்டனில் ருசி என்று கொண்டாடிய அதே திணறல்தான்! இங்கே அதற்குப் பெயர் 'செட்டு சரியில்லை'.

கணினிக்குள் போன வால்வு

நிஜ வால்வைக் கனல வைத்தால்தான் அந்த உறுமல் வரும். அதற்கு வீடே அதிர வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் நகல்கள் வந்தன. 1989இல் சான்ஸ்ஆம்ப் என்ற சின்னப் பெட்டி டிரான்சிஸ்டர்களை வைத்தே வால்வுக் குணத்தைப் பாவனை செய்தது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட், பல ஆம்ப்ளிஃபயர்களைக் கணக்கீடாக ஒரு சிவப்புப் பெட்டிக்குள் அடைத்தது. 2002இல் ஆம்ப்ளிட்யூப், 2004இல் கிதார் ரிக் என்று வீட்டுக் கணினிக்கே மென்பொருட்கள் வந்தன. 2006இல் ஆக்ஸ் எஃப்எக்ஸ், 2011இல் கெம்பர்.

முதலில் வந்தவை பெரும்பாலும் சர்க்யூட்டின் குணத்தைச் சமன்பாடாக எழுதின. கெம்பர் வழி வேறு. ஒரு நிஜ ஆம்ப்ளிஃபயருக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, அதன் குணத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற மென்பொருட்கள் செயற்கை நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு இதையே செய்கின்றன. உள்ளே போனதும் வெளியே வந்ததும் பதிவாக இருந்தால் போதும், நடுவில் என்ன சர்க்யூட் என்று தெரியவே வேண்டாம். இலவசமாகவே தரவிறக்கிக் கொள்ளலாம்.

சரி, எது நல்லது?

பதிவு செய்த பாட்டில் எது வால்வு, எது மென்பொருள் என்று கண்டுபிடிப்பது இன்று அனுபவசாலிகளுக்கே கஷ்டம். 2013 டிசம்பரில் மெட்டாலிகா குழு அண்டார்டிகாவில் வாசித்தபோது மேடையில் ஒலிபெருக்கியே கிடையாது. கூட்டம் ஹெட்போனில்தான் கேட்டது. ஆம்ப்ளிஃபயர் மலையை அடுக்கி வைத்துப் பேர் வாங்கியவர்களே அதில்லாமல் வாசித்தார்கள்.

வித்தியாசம் தெரிவது வாசிப்பவருக்குத்தான். நிஜப் பெட்டி காற்றைத் தள்ளும். அந்தக் காற்று திரும்ப வந்து கிதார்க் கம்பியை அதிர வைக்கும், சுரம் நிற்காமல் நீளும். ஹெட்போனில் இது நடக்காது. கணினி கணக்குப் போட்டுச் சத்தம் தர ஒரு சின்னத் தாமதமும் உண்டு. அது 10 மில்லி விநாடி என்றால், ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். பெரும்பாலானோர் பழகிவிடுவார்கள்.

செலவுக் கணக்கும் பார்க்க வேண்டும். இன்று கிதார் வால்வுகள் முக்கியமாக ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்துதான் வருகின்றன. 2022இல் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுக்கும் என்ற பயம் வந்ததும் விலை எகிறியது. வால்வு தேய்கிற பொருள், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மென்பொருளுக்கு அந்தத் தேய்மானம் இல்லை. வரவு செலவு பார்த்தால் மாணவருக்கு மென்பொருளே சரி.

பட்டியலில் இல்லாத பெயர்

ஆனால் அந்த மென்பொருட்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கலிபோர்னியா, லண்டன் ஆம்ப்ளிஃபயர்கள்தான். அவை மட்டும்தான் நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் என்பதால் அல்ல. அவற்றின் கரகரப்பு இசைத்தட்டில் ஏறியது, தட்டு உலகம் சுற்றியது, கேட்டவர்கள் அதே சத்தத்தைத் தேடினார்கள். தேவை இருந்தது, சரக்கு வந்தது. திண்டுக்கல் குழாயோ இசைத்தட்டைப் போட்டுக் காட்டிய கருவி. அதன் சத்தத்தை யாரும் தட்டில் ஏற்றவில்லை. காற்றில் போனது காற்றிலேயே கரைந்தது.

இப்போது குழாயும் அருகிவிட்டது. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கூம்பு வடிவக் குழாய்க்குப் பல இடங்களில் காவல்துறை அனுமதி தருவதில்லை. அதில் தப்பும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் நோயாளிகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. குழாயைத் திரும்ப மரத்தில் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கட்டாமலேயே காப்பாற்றலாம் என்பதுதான் இங்கே செய்தி. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று, உள்ளிருக்கும் 300, 400 வோல்ட்டைக் கையாளத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஒரு மைக், ஒரு கணினி, அந்த இலவச மென்பொருள். சோதனை ஒலியை உள்ளே அனுப்பி, குழாய் வாயில் வருவதைப் பதிவு செய்தால் வேலை பெரும்பகுதி முடிந்தது. அப்புறம் டோக்கியோவில் இருக்கும் ஒரு கிதார்க்காரர்கூட வேடசந்தூர்க் கல்யாண வீட்டுச் சத்தத்தில் வாசிக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மரில் செம்பு இருப்பதால் பழைய செட்டுகள் காயலான் கடையில் எடைக்குப் போகின்றன. மென்பொருள் நிஜ வால்வுக்கு ஈடாகுமா என்ற சண்டை லண்டன்காரர்களுக்கு ஓர் ஆடம்பரம். அவர்களிடம் இரண்டுமே இருக்கின்றன. நம்மிடம் நிஜம் எடைக்குப் போகிறது, நகல் இன்னும் எடுக்கப்படவில்லை.