நிறம் மட்டும் தங்கிவிட்டது

வெள்ளை ஈயத்தை உலையில் வாட்டினால் ஆரஞ்சு தோய்ந்த சிவப்பாக மாறும். தற்செயலாக மூண்ட ஒரு தீயில்தான் இது தெரியவந்தது என்று, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்தார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அவருக்குப் பின் வந்த பிளினி, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் அந்தத் தீ மூண்டதாகச் சொல்கிறார். அப்படிக் கிடைத்த பொடிதான் ஈயச் செந்தூரம். பெயிண்ட் கடையில் ரெட் லெட். அதில் 100 கிராம் எடுத்தால் 90 கிராம் ஈயம்தான். சுவர் ஓவியத்திலும், ஐரோப்பியத் துறவிகளின் ஏட்டிலும், வட இந்தியப் பெண்களின் வகிட்டிலும் பல நூற்றாண்டுகள் அது வெறும் நிறமாகவே இருந்தது.

அதற்கு வேலை கொடுத்தது இரும்பு. 19ஆம் நூற்றாண்டில் கப்பலும் பாலமும் இரும்பாக மாறியபோது, துருவைத் தடுக்க ஒரு பூச்சு தேவைப்பட்டது. ஈயச் செந்தூரத்தை ஆளி விதை எண்ணெயில் குழைத்துப் பூசிப் பார்த்தவர்கள் அதை விடவே இல்லை. கலந்து வைத்தால் டப்பாவிலேயே இறுகிப்போகும். அதனால் பொடியைத் தனியாக வாங்கி, பூசப்போகும் நேரத்தில்தான் குழைப்பார்கள். தூக்கினால் கை இறங்கும் கனம். காயப் பல நாள் பிடிக்கும்.

அந்த நிதானத்தில்தான் அதன் திறமை இருந்தது. சீக்கிரம் உலராத எண்ணெய், கம்பி பிரஷ்ஷுக்கு அகப்படாத துருவின் இடுக்குகளுக்குள் ஊறி இறங்கும். ஈயம் அந்த எண்ணெயின் அமிலங்களோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகும். நாளாக ஆக எண்ணெய் சிதையும்போது அசெலாயிக் அமிலத்தின் ஈய உப்பு உண்டாகிறது என்றும், அது துளித்துளியாகக் கரைந்து இரும்பின் மேல் பலவீனமான இடங்களை அடைக்கிறது என்றும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் வேதியியலாளர் மேன் ஆராய்ந்து காட்டினார். அதாவது, இந்தப் பூச்சு துருவின் மேல் போர்வையாகக் கிடக்கவில்லை. உள்ளே போய் வேலை செய்தது. இரும்பைப் பளபளவென்று தேய்த்து எடுக்காவிட்டாலும் அது பொறுத்துக்கொண்டது. லாரி சேசிஸுக்கும் பழைய கார்களின் அடிப்பாகத்துக்கும் பட்டறைக்காரர்கள் அதையே தேடியதற்குக் காரணம் இதுதான்.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் அதற்குக் கிடைத்த பெரிய மேடை. கட்டும்போது இரும்பின் மேல் அடித்திருந்த ஈயச் செந்தூரப் பிரைமரின் நிறம் கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவின் மனத்தைப் பிடித்துக்கொண்டது. பாலத்தின் இறுதி வண்ணமே அந்தச் சாயலில் அமைந்தது. 1937இல் பாலம் திறந்தது. 1965இல் தொடங்கி 1995 வரை அந்த ஈயப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, துத்தநாகச் சிலிகேட் பிரைமரை அடித்தார்கள். நிறம் அப்படியே இருக்கிறது. அடியில் இருந்த ஈயம் இல்லை.

பாலத்தில் துரு பரவியதால் எடுத்தார்கள். மற்ற இடங்களில் ஈயத்தைக் கைவிட்டதற்குக் காரணம் வேறு. இரும்பைக் காத்த பொருள், அதைப் பூசியவரைக் காக்கவில்லை. பெயிண்டர்களுக்குக் குடலை முறுக்கும் வயிற்று வலி வரும்; மணிக்கட்டு தொங்கிப்போகும்; சோகை பிடிக்கும். பழைய பூச்சைத் தேய்க்கும்போது பறக்கும் தூசு, உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் கூடாது என்று அமெரிக்கா 1978இல் தடுத்தது. இந்தியாவில் 2016இல் வந்த விதி, ஈய அளவு 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் மட்டும்தான். பட்டறையில் தேய்க்கிறவரின் நுரையீரலையும் அந்த விதி கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

கார் தொழிற்சாலைகள் வேறு வழி கண்டன. ஃபோர்டு நிறுவனம் 1963இல் தன் விக்ஸம் ஆலையில் முழு பாடியையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் பூச்சு ஒட்டும்படி செய்தது. ஆனால் பழைய காரைப் புதுப்பிக்கும் தெருமுனைப் பட்டறையில் அந்தத் தொட்டி கிடையாது. அங்கே ஈயச் செந்தூரத்தின் இடத்துக்கு வந்தது ரெட் ஆக்சைடு.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ரெட் ஆக்சைடில் இருப்பது இரும்பு ஆக்சைடு. துருவுக்கே நெருங்கிய உறவு. நிறம் கொடுக்கும், ஓரளவு மூடும், அவ்வளவுதான். ஜிங்க் பாஸ்பேட் போன்ற துருத்தடுப்பான் சேர்க்காத சாதா ரெட் ஆக்சைடுக்குத் துருவை நிறுத்தும் வேதியியல் எதுவும் கிடையாது. ஆனாலும் கை பழைய பழக்கத்தை விடவில்லை: லேசாகச் சுரண்டு, சிவப்பை அடி, பட்டி போட்டு மேலே கலரை ஏற்று. இரண்டு மழைக்காலம் போனால் கதவின் அடி விளிம்பு கொப்புளிக்கிறது. ஈயம் மன்னித்த அவசரத்தை இரும்பு ஆக்சைடு மன்னிப்பதில்லை.

அதனால் அந்த ஒரே பூச்சு செய்த வேலையை இன்று பல கட்டமாகப் பிரித்துச் செய்ய வேண்டும். பழைய அம்பாசடரின் தரைத் தகட்டை எடுத்துக்கொள்வோம். கால்மிதியைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வழியில்லை. போன இரும்பை எந்தப் பூச்சும் திருப்பித் தராது. கெட்டியாக இருந்தால் உதிரும் துருவையெல்லாம் எடுத்து, கடலோர ஊர் என்றால் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, சுக்காகக் காய வைக்க வேண்டும். குழிகளில் ஒட்டியிருக்கும் மிச்சத் துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர். டானின் கலந்தது என்றால் பழுப்புத் துரு கண்ணெதிரே கருநீலமாகும். கடுக்காய் நீரில் நனைத்த கலம்காரித் துணியில் இரும்புக் கரைசல் பட்டதும் கோடு கறுப்பதும் இதே வினைதான். பாஸ்பாரிக் அமில வகை என்றால் மிச்ச அமிலத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் பூச்சு பிடிக்காது. பிறகு எபாக்ஸி பிரைமர், தகடுகள் சேரும் இடங்களுக்கு சீலண்ட், அடியில் அண்டர்கோட்டிங், கை நுழையாத பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுத் தெளிப்பு. தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது.

இன்னொன்று. 50, 60 வருடப் பழைய வண்டியில் சிவப்பு அடிப்பூச்சு வெளிப்பட்டால், அது பழைய ஈயமாகவே இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. உலர் உப்புத்தாளும் கிரைண்டரும் வேண்டாம். நனைத்துத் தேய்த்து, தரமான முகமூடி போட்டு, கழிவைத் தனியாகக் கட்டி, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். உறுதியாக ஒட்டி, துருவில்லாமல் இருக்கும் ஈயப் பூச்சைச் சீண்டாமல் மேலே மூடிவிடுவதே மேல்.

ஈயச் செந்தூரம் இன்னும் வாகனத்தை விட்டு முழுதாக இறங்கவில்லை; பேட்டரித் தகடு செய்யும் கலவையில் அதைச் சேர்க்கிறார்கள். வண்டியின் இரும்புத் தகட்டுக்கு மேலே அதன் காலம் முடிந்துவிட்டது, முடிந்தது நல்லதுதான். அதன் இடத்தில் எஞ்சியிருப்பது கொஞ்சம் கூடுதல் உழைப்பு. பழைய வண்டியை நேசிக்கிறவர் கலருக்குச் செலவழிக்கும் நாட்களைவிட, கலருக்கு அடியில் நடக்கும் வேலைக்கு அதிக நாள் ஒதுக்கட்டும். வண்டியின் ஆயுள் அங்கேதான் நிச்சயமாகிறது.