சித்திராங்கதை வேடம் பூண்ட கலைஞர்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில், பல்லேகம என்னும் சிற்றூர் உண்டு. பழைய கண்டி இராச்சியத்தின் மலைநாட்டைச் சேர்ந்தது அவ்வூர். அம்மலைநாட்டின் கலைகளுள் தலையாயது கண்டிய நடனம். கொஹொம்ப கங்காரிய என்னும் சாந்திச் சடங்கிலிருந்து கிளைத்த அவ்வாடல் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. ‘வெஸ்’ என்னும் தலையணியைச் சூடி ஆடும் தகுதியும் ஆடவர்க்கே உரியது என மரபு வகுத்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வேலி நெகிழ்ந்தது. வஜிரா சித்ரசேன முதலிய பெண்மணிகள் இந்நடனத்தை மேடையில் ஆடிப் புகழ் பெற்றனர். இந்த மலைநாட்டு ஆடலுக்கும், ஆண், பெண் என்னும் இரு கூற்றில் ஒன்றனுள்ளும் அடங்காது வாழ்ந்த வங்கத் திரைப்படக் கலைஞர் ஒருவருக்கும் இடையே ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. அக்கலைஞர் ரிதுபர்ணோ கோஷ். அவரை ‘அவர்’ என்றே குறிப்போம். தமிழில் அச்சொல் பால் காட்டுவதில்லை; வங்க மொழியின் படர்க்கைப் பெயர்களும் பால் காட்டுவதில்லை.

அத்தொடர்பை விளக்கக் கவி இரவீந்திரநாத் தாகூரிடமிருந்து தொடங்குதல் வேண்டும். 1934ஆம் ஆண்டு தாகூர் சாந்திநிகேதனக் குழுவினருடன் இலங்கைக்கு வந்தார். கொழும்பில் தம் நடன நாடகத்தை அரங்கேற்றினார். ஹொரணையில் ஸ்ரீபாலி கல்விக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டினார். கண்டிய நடனத்தைக் கண்டு அதன் மிடுக்கில் உள்ளம் பறிகொடுத்தார். சாந்திதேவ் கோஷ் என்னும் தம் மாணவரை அதனைப் பயில ஏவினார். மணிப்புரியும் கதகளியும் கலந்த தாகூரின் நடன நாடக மேடையில் கண்டிய அசைவுகளும் இவ்வாறு இடம் பெற்றன. ஈராண்டுகள் கழித்து, 1936இல், தாகூர் ‘சித்திராங்கதா’வை நடன நாடகமாக்கினார். 1892இல் அவர் செய்யுளில் எழுதிய நாடகமே அது.

கதையை நேயர்கள் அறிவர். மணிப்புர மன்னனுக்கு ஒரே மகள் சித்திராங்கதை. மன்னன் அவளை மகனாகவே வளர்த்தான். வில்லும் வேட்டையும் பயிற்றினான். காட்டில் அருச்சுனனைக் கண்டு அவள் காதல் கொள்ள, அவன் நோன்பைக் காரணங்காட்டி மறுத்தான். அவள் காமதேவனை வேண்டி ஓராண்டுக் காலத்திற்குப் பேரழகு பெற்றாள். அவ்வழகில் மயங்கிய அருச்சுனன், நாளடைவில் அந்நாட்டு வீரமகளைப் பற்றிக் கேள்வியுற்று அவளையே காண விழைந்தான். இரவல் அழகைக் களைந்து, தன் இயல்பான உருவில் அவள் அவன்முன் நின்றாள்.

தமிழருக்கு இக்கதை புதிதன்று. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாகவே பாடினார். அருச்சுனனோ பின்னொரு காலத்தில் பிருகந்நளை என்னும் பேடி உருவில் விராடன் அரண்மனையில் ஆடல் ஆசிரியனாக வாழ்ந்தவன். சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்று பேடு. அது காமன் ஆடியது என்பது அந்நூல் கூறும் செய்தி. சித்திராங்கதைக்கு உருமாற்றம் அளித்தவனும் அதே காமனே. நம் மண்ணின் கூத்தரங்கு இரு பாலுக்கும் இடைப்பட்ட உருவை என்றும் ஒதுக்கியதில்லை. ஆந்திரத்துக் கூச்சிப்பூடி மேடையில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா சத்தியபாமையாகத் தோன்றியபோது மக்கள் மெய்மறந்து கண்டனர். ஆயினும் அரங்கு தந்த அந்த இடத்தை ஊர் தந்ததா? விளக்கு அணைந்து, அரிதாரம் கலைந்தபின், அக்கலைஞரை ஊரார் எவ்வாறு நோக்கினர்? ரிதுபர்ணோவின் கலைவாழ்வு முழுவதும் இவ்வினாவை நோக்கியே நடந்தது எனலாம்.

ரிதுபர்ணோ கல்கத்தாவில் 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் பிறந்தார். யாதவப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். விளம்பர நிறுவனத்தில் வாசகங்கள் எழுதினார். பின்னர்த் திரைத்துறை புகுந்தார். 1994இல் வெளிவந்த ‘உனிஷே ஏப்ரில்’ அவருக்குப் பெயர் தந்தது. புகழ்பெற்ற நடனக் கலைஞரான தாய்க்கும், அப்புகழின் நிழலில் தனிமையுற்ற மகளுக்கும் இடையே நிகழும் ஓர் இரவின் உரையாடலே அப்படம். இந்திய அரசின் சிறந்த கதைப்படத்திற்கான தேசிய விருதை அது பெற்றது. ஆடலை வாழ்வாகக் கொண்டவர் அதற்குக் கொடுக்கும் விலை யாது என்னும் கேள்வி அப்போதே அவர் உள்ளத்தில் எழுந்துவிட்டது. தொடர்ந்து ‘தஹன்’, தாகூரின் புதினத்தைத் தழுவிய ‘சோக்கேர் பாலி’, ‘ஆபஹோமான்’ முதலிய படங்கள் வந்தன. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது படங்களை அவர் ஆக்கினார்.

புகழ் வளர வளர, தம் இயல்பை மறைப்பதை அவர் விட்டொழித்தார். கண்ணுக்கு மை தீட்டி, அணிகலன் பூண்டு, ஆணுடையென்றும் பெண்ணுடையென்றும் பிரித்தறிய இயலாத ஆடையில் பொதுமேடைகளில் தோன்றினார். அவருடைய படங்களைப் போற்றிய நகரமே அவருடைய நடையையும் குரலையும் எள்ளியது. தொலைக்காட்சியில் அவரைப் போலச் செய்து சிரிப்பு மூட்டிய நகைச்சுவையாளர் ஒருவரை, அவர் தாம் நடத்திய உரையாடல் நிகழ்ச்சிக்கே அழைத்தார். அந்த ஏளனம் தம்மோடு நில்லாது, தம்மைப் போன்ற பலரையும் புண்படுத்துவதை முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார்.

2010இல், கௌசிக் கங்கூலி இயக்கிய ‘ஆரேக்தி பிரேமேர் கல்போ’ என்னும் படத்தில் ரிதுபர்ணோ நடிகராகத் தோன்றினார். வங்கத்து யாத்திரா நாடகங்களில் பெண்வேடம் தாங்கிப் பெரும்புகழ் ஈட்டியவர் சபல் பாதுரி. யாத்திரா மேடைக்கு நடிகையர் வந்தபின் அவர் பிழைப்பிழந்தார். அவரைப் பற்றிப் படமெடுக்கச் செல்லும் இயக்குநராகவும், இளமைக்கால சபலாகவும் ரிதுபர்ணோ நடித்தார். முதிய சபலாக சபல் பாதுரியே நடித்தார். மேடையில் அரசியாகவும் தேவியாகவும் கொண்டாடப்பட்டவர், வேடம் களைந்தபின் யாருக்கும் வேண்டாதவரானார் என்னும் உண்மையை அப்படம் கண்முன் நிறுத்தியது.

ஈராண்டுகள் கழித்து, 2012இல், ரிதுபர்ணோ தாமே இயக்கி, தாமே தலைமை வேடமேற்ற ‘சித்திராங்கதா’ வெளிவந்தது. அதன் நாயகர் ருத்ரா ஒரு நடன ஆசிரியர். தாகூரின் ‘சித்திராங்கதா’வை அரங்கேற்ற முனைபவர். தந்தையின் விருப்பப்படி பொறியியல் பயின்று, பின்பு ஆடலையே தேர்ந்தவர். தாளவாத்தியக் கலைஞன் பார்த்தன்மீது அவர் அன்பு கொள்கிறார். அருச்சுனனுக்கும் பார்த்தன் என்பதே பெயர் என்பதை நேயர்கள் நினைவு கொள்வர். இருவரும் குழந்தையொன்றைத் தத்தெடுக்க விழைய, ஆடவர் இருவருக்குச் சட்டம் இடங்கொடாமையால், ருத்ரா அறுவை மருத்துவத்தின் மூலம் தம் உடலை மாற்ற முற்படுகிறார். காமதேவனின் வரம் இங்கே மருத்துவரின் கத்தியாகிறது. ஆயின் பார்த்தன் விலகிப் போகிறான். இறுதி அறுவைக்கு முன், ருத்ரா அம்மாற்றத்தை நிறுத்திக்கொள்கிறார்.

இம்முடிவைத் தோல்வி எனக் கொள்ளுதல் பொருந்தாது. தாகூரின் நாயகி இரவல் அழகைக் களைந்தது போன்றதே இது. பிறர் விருப்பத்திற்காக ஏற்ற உருவை விடுத்துத் தம் உருவைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையே படத்தின் கரு. உடலை மாற்றிக்கொள்வோரின் உரிமையையும், மாற்றாது நிற்போரின் உரிமையையும் அது ஒருங்கே காக்கிறது. தேசிய விருதுக் குழு அப்படத்திற்குச் சிறப்பு நடுவர் விருது வழங்கியது.

2013ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், ஐம்பது வயது நிறையுமுன், மாரடைப்பால் ரிதுபர்ணோ மறைந்தார். ஓராண்டு நிரம்புமுன், 2014 ஏப்ரல் 15 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலை ஏற்று, ஒருவர் தம் பாலைத் தாமே உரைக்கும் உரிமையையும் உறுதி செய்தது. அத்தீர்ப்பைக் காண அவர் இல்லை.

சாந்திநிகேதனத்திற்குச் சென்ற மலைநாட்டு ஆடல், ஆடவர்க்கென வகுக்கப்பட்ட மிடுக்கைத் தாகூரின் மேடைக்குத் தந்தது. ஆணாக வளர்ந்த அரசகுமாரியின் கதை அம்மேடையில் ஆடலாயிற்று. எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே கதையைத் தம் உடலாலும் முகத்தாலும் ரிதுபர்ணோ மீண்டும் சொன்னார். கூத்தரங்கில் ஓரிரவுக்கு மட்டும் நாம் அளித்துவந்த மதிப்பை, பொழுது விடிந்தபின்னும் அளிக்குமாறு அவர் கேட்டார். சலுகையாக அன்று, உரிமையாகவே கேட்டார்.