மெரினா மணல் வந்த கதை

விடுமுறை என்றால் திருத்தணிக்குப் போய் மின்சார ரயில் பிடித்து மெரினாவுக்குப் போய்வரும் குடும்பங்கள் நம் குடியிருப்பில் நிறைய உண்டு. சுண்டல், பஜ்ஜி, குதிரைச் சவாரி என்று பிள்ளைகளுக்கு அன்று கொண்டாட்டம்தான். அடுத்த முறை போகும்போது, அந்த மணல் எப்படி வந்தது என்றும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சென்னைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியை இழுத்து வந்தது துணி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு இது பெருமைதான். இங்கே நல்ல துணி மலிவாகக் கிடைத்ததால் 1639இல் பிரான்சிஸ் டே இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் கப்பல் ஒதுங்கத் துறைமுகம் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் மசூலா படகில் கரை சேர்ந்தார்கள். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும்.

துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 புயலில் கட்டியதில் பெரும்பகுதி போனது. மறுபடியும் கட்டினார்கள். நம் கடற்கரையில் அலைகள் ஆண்டில் பல மாதங்கள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தென்புறம் மணல் சேரச் சேரக் கடல் விலகியது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவரருகே இருந்த கடல் இன்று எவ்வளவு தள்ளி இருக்கிறது பாருங்கள்! ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் கரையோரம் நடைபாதை அமைத்து 'மெரினா' என்று பெயர் வைத்தார். ஊர் மக்களுக்குக் காற்று வாங்க இடம் கிடைத்தது.

வடபுறத்துக்குப் போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. மீனவர் வீடுகளும் தெருக்களும் போயின. அங்கே இன்று மணலுக்குப் பதில் பாறாங்கல் தடுப்புகள்தான். நமக்கு மாலைப் பொழுதைத் தந்த அதே சுவர் அவர்கள் முற்றத்தை எடுத்துக்கொண்டது.

ஆகவே அடுத்த முறை ஒரு மணி நேரம் ஒதுக்கி ராயபுரம் பக்கமும் போய் வாருங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம் அங்கே இருக்கிறது. திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா வரை போட்ட அந்தப் பாதையில்தான் நாம் இன்றும் சென்னைக்குப் போகிறோம். அப்படியே கடலோரம் நடந்து அந்தக் கற்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மெரினாவின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.