கால் சுவிட்சின் ஒன்பது முனைகள்

எலெக்ட்ரிக் கிட்டார் பெடல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒலிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். மார்ட்டி ராபின்ஸின் 1961ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் பதிவில், நாஷ்வில் ஸ்டுடியோவின் கன்சோல் பழுதால் கிரேடி மார்ட்டினின் பாஸ் கிட்டார் கரகரத்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர்களால் திரும்பவும் உண்டாக்கிக் காட்ட, கிப்சன் நிறுவனம் 1962இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெட்டியாக விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதைப் பயன்படுத்திய பிறகு உலகமே அதைத் தேடி வாங்கியது. இதெல்லாம் சரிதான். ஆனால் பெடலை மிதித்து எஃபெக்டை அணைத்த பிறகு சிக்னல் எந்த வழியில் போகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதியை எழுதியவர்கள் வீட்டு மேசையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தவர்கள். தொழிற்சாலை பாதியில் விட்ட வேலையை அவர்கள் முடித்தார்கள் என்பதே என் வாதம். ஒலித் தூய்மை பற்றிய வெறும் பித்து என்று அதைத் தள்ளிவிட முடியாது.

1967இல் தாமஸ் ஆர்கன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வா பெடலைத் திறந்து பார்த்தால் விஷயம் விளங்கும். அதன் கால் சுவிட்ச் ஒற்றை முனை மாற்று சுவிட்ச். ஆம்ப்புக்குப் போகும் வெளியீட்டை மட்டுமே அது அங்குமிங்கும் மாற்றும். உள்ளீடோ, பெடல் அணைந்திருக்கும்போதும் சர்க்யூட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த உள்ளீட்டின் வாசலில் இருப்பது 68 கிலோஓம் ரெசிஸ்டர். கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய பல்லாயிரம் சுற்றுக் கம்பி. உயர்ந்த சுருதிகளில் அதன் மின்னெதிர்ப்பு 100 கிலோஓமையும் தாண்டிவிடும். அப்படிப்பட்ட மெலிந்த சிக்னலின் மேல் இந்தச் சுமையை ஏற்றினால் முதலில் மங்குவது டிரெபிள்தான். இரட்டை முனை சுவிட்ச் போட்டிருந்தால் உள்ளீடும் கழன்றிருக்கும்; இப்படி முழுதாக விலக்குவதையே நேர்ப் பைபாஸ் என்பார்கள். அதே காலத்தில் லண்டனில் செய்யப்பட்ட ஃபஸ் ஃபேஸ் என்ற கரகரப்புப் பெடலில் அப்படிப்பட்ட சுவிட்ச்தான் இருந்தது. ஆகவே வழி தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. பழைய வா பெடலின் சுவிட்சைக் கழற்றிவிட்டு இரட்டை முனை சுவிட்ச் வைத்துப் பற்றவைப்பது பெடல் ஆர்வலர்களின் பாலபாடமாகவே ஆகிப்போனது.

இதெல்லாம் காதின் பிரமை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கணக்கே பதில். 2.5 ஹென்றி பிக்கப்போடு, அதன் சொந்தக் கபாசிட்டன்ஸையும் மூன்று மீட்டர் கேபிளையும் சேர்த்து 400 பிகோஃபாரட் என்று வைத்தால், பிக்கப்பின் ஒலி எழுச்சி 5,000 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். கேபிளைப் பத்து மீட்டராக்கினால் அது 3,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இவ்வளவு பெரிய மாற்றம் யார் காதுக்கும் கேட்கும். ஆனால் இதே கணக்கு வீட்டுக் கைவினைஞருக்கு எதிராகவும் திரும்புகிறது. பலகையில் உள்ள பத்துப் பெடல்களையும் நேர்ப் பைபாஸாக மாற்றினால், எல்லாம் அணைந்திருக்கும்போது பிக்கப் அத்தனை கேபிளையும் தானே தனியாகச் சுமக்க வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோருக்குப் பெடல் பலகைகள் செய்துகொடுத்த பீட் கார்னிஷ் இதைச் சொல்லித்தான், மெலிந்த சிக்னலை வலுவாக்கிக் கேபிளுக்கு அனுப்பும் பஃபர் சர்க்யூட்டுகளை வலியுறுத்தினார். 1977இல் வெளிவந்த பாஸ் நிறுவனத்தின் சிறு பெடல்களும் அந்த வழியில்தான் போயின. அவற்றில் எஃப்இடி டிரான்சிஸ்டர்களே சுவிட்ச் வேலையைச் செய்தன. பெடல் அணைந்திருந்தாலும் பஃபர் விழித்திருக்கும். நீண்ட கேபிளுக்கு அதுவே நல்ல மருந்து என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

அப்படியானால் நேர்ப் பைபாஸ் வீண்வேலையா? இல்லை. ஃபஸ் ஃபேஸைப் பாருங்கள். அதன் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு. பிக்கப்பும் அதுவும் சேர்ந்து ஒரே சர்க்யூட் போல வேலை செய்கின்றன. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு தெளிந்து மணியொலியாவது இந்தச் சேர்க்கையால்தான். இடையில் ஒரு பஃபர் வந்து நின்றால் அந்த உறவு அறுந்து, ஒலி கீச்சென்று கூர்மையாகிவிடும். பஃபர் உள்ள பெடல் முன்னால் இருக்கிறது, அதைத் தேவைப்படும்போது மட்டும் முழுதாக விலக்க வேண்டும் என்பவருக்குக் கடையில் வாங்கிய எந்தப் பெடலும் தனியாக உதவாது. வீட்டில் செய்த பைபாஸ் பெட்டி உதவும். ஓர் அலுமினியப் பெட்டி, நான்கு ஜாக்குகள், ஒரு கால் சுவிட்ச்: கிட்டார் உள்ளே, ஆம்ப் வெளியே, நடுவில் பெடலுக்குப் போக ஒன்று, வர ஒன்று. சிக்னலுக்கு பேட்டரியே தேவையில்லை.

தேவைப்பட்டது எல்இடி விளக்குக்குத்தான். உண்மையில் கதையை நகர்த்தியதும் அந்த விளக்குதான். இருண்ட மேடையில் எஃபெக்ட் போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். இரட்டை முனை சுவிட்சின் ஆறு இணைப்பு முனைகளும் சிக்னலுக்கே தீர்ந்துவிட, விளக்குக்கு இடமில்லாமல் போனது. இந்த முட்டுக்கட்டைக்கு ஆர்.ஜி. கீன் 1990களில் கண்ட மில்லினியம் பைபாஸ் என்ற சர்க்யூட், ஒரு டையோடின் பின்னோட்டக் கசிவைக் கொண்டு சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உணர்ந்து விளக்கை ஏற்றும். அபாரமான யோசனை! 2000ஆம் ஆண்டை ஒட்டி ஒன்பது இணைப்பு முனைகள் கொண்ட மும்முனைக் கால் சுவிட்ச் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதற்கான தேவை பெரிதும் குறைந்தது. மூன்று வரிசையாக நிற்கும் முனைகளில் இரண்டு வரிசை சிக்னலுக்கு, மூன்றாவது விளக்குக்கு. மிதிக்கும்போது ஆம்ப்பில் ‘டப்’ என்று சத்தம் வந்தால், மின்னழுத்தம் தேங்கும் இடத்திலிருந்து தரைக்கு ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் போடுவார்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

நேர்ப் பைபாஸ் என்பது பின்னர் விளம்பரத்தில் பெருமையோடு அச்சிடும் வாசகமானது. அதற்குப் பிறகும் வாசிப்பவரின் பலகையைப் பொறுத்தே விடை மாறும் என்பது நிலைத்துவிட்டது. டிசி எலெக்ட்ரானிக் நிறுவனம் தன் சில பெடல்களுக்குள்ளே சின்ன டிப் சுவிட்சுகளை வைத்து, பஃபரா நேர்ப் பைபாஸா என்பதை வாங்குபவரே தேர்ந்துகொள்ள விட்டிருக்கிறது.